ஒலித்தொகுப்பு (இசைத் தயாரிப்பு)

ஒலித்தொகுப்பு என்பது பதிவு செய்யப்பட்ட ஒலியை வெட்டி, ஒட்டி, இடம் மாற்றி, ஒலியளவைத் திருத்தி, கேட்பதற்கும் பாதுகாப்பதற்கும் ஏற்ற வடிவில் அமைக்கும் செயல் ஆகும். முன்னர் இது ஒலிநாடாவையும் கத்தியையும் கொண்டு செய்யப்பட்டது. இன்று பெரும்பாலும் கணினியில் இயங்கும் இசைத் தயாரிப்பு மென்பொருள்களின் உதவியுடன் செய்யப்படுகின்றது. திரையிசை, கச்சேரிப் பதிவு, நாட்டார் பாடல் பதிவு, வானொலி நிகழ்ச்சி ஆகிய அனைத்திலும் அடிப்படை நுட்பங்கள் ஒன்றே. எனினும் மென்பொருளில் உள்ள பல கருவிகள் சீரான தாளக்கட்டையும் நிலையான சுரங்களையும் மனதிற்கொண்டு உருவாக்கப்பட்டவை. கமகமும் நடை மாற்றமும் மிகுந்த தமிழ்நாட்டு இசைக்கு அவற்றை அப்படியே பயன்படுத்தினால் இசையே சிதைந்துபோகக்கூடும். இக்கட்டுரை அடிப்படை நுட்பங்களைப் புதுக்கோட்டை மாவட்டத்தின் இசை மரபுகளில் இருந்து, சிறப்பாகக் கஞ்சிராவில் இருந்து, எடுக்கப்பட்ட எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகின்றது.

வரலாறு

தொடக்ககால இசைத்தட்டுகளில் தொகுப்புக்கு இடம் இருக்கவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பதிய முடிந்தது. இடையில் தவறு நேர்ந்தால் முழுவதையும் மீண்டும் பாட வேண்டும். இதனால் இசைக்கலைஞர்கள் தமது பாடலைத் தட்டின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டனர். தொகுப்பு என்பது பதிவுக்கு முன்பே கலைஞரின் மனதில் நடந்து முடிந்தது எனலாம்.

1935 ஆம் ஆண்டில் செருமனியில் காந்த ஒலிநாடாப் பதிவுக் கருவி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இக்கருவி உலகெங்கும் பரவியது. நாடாவைச் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைப்பதன் மூலம் வேண்டாத பகுதியை நீக்க முடிந்தது. வெட்டுச் சாய்வாக இருந்தமையால் ஓர் ஒலி மறைந்து மற்றொன்று தோன்றுவது திடீரென நிகழாமல் சற்றே படிப்படியாக நிகழ்ந்தது. இன்றைய மென்பொருளில் உள்ள கிராஸ்ஃபேட் வசதி இதே செயலையே எண்களால் செய்கின்றது.

1963 இல் அறிமுகமான கேசட், ஒலிப்பதிவை வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் கொண்டு வந்தது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக ஓடுவது. அதன் அகலமும் குறைவு. எனவே அதைக் கையால் வெட்டித் தொகுப்பது கடினம். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் பதிவு செய்யப்பட்ட கேசட்டுகள் பல தொகுக்கப்படாமல் பதிந்தவாறே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1990களில் கணினிவழித் தொகுப்பு ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவியது. 2000 ஆம் ஆண்டில் ஆடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருள் வெளியான பின்னர், வீட்டுக் கணினி வைத்திருக்கும் எவரும் செலவின்றித் தொகுப்பில் ஈடுபடும் நிலை ஏற்பட்டது.

எண்முறை ஒலியின் அடிப்படை

ஒலி காற்றில் பரவும் அழுத்த அலை ஆகும். ஒலிவாங்கி இதனை மின்னலையாக மாற்றுகின்றது. கணினி அம்மின்னலையின் உயரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாகச் சேமிக்கின்றது. ஒவ்வோர் அளவீடும் மாதிரி எனப்படும். நொடிக்கு எடுக்கப்படும் மாதிரிகளின் எண்ணிக்கை மாதிரி வீதம் ஆகும். இசை குறுந்தட்டுக்கு இது 44,100. நிகழ்படப் பணிகளில் 48,000 வழக்கமானது. பதியக்கூடிய மிக உயர்ந்த அதிர்வெண் மாதிரி வீதத்தின் பாதிக்கு உட்பட்டே இருக்கும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்க வல்லது என்பதால் இவ்வீதங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

ஒவ்வொரு மாதிரியும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கப்படுகின்றது என்பதைப் பிட் ஆழம் குறிக்கின்றது. ஒரு பிட் கூடும்போது மிகச் சிறிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 6 டெசிபெல் விரிகின்றது. எனவே 16 பிட் பதிவில் 96 டெசிபெல் அளவும், 24 பிட் பதிவில் கோட்பாட்டளவில் 144 டெசிபெல் அளவும் கிடைக்கும். 48,000 மாதிரி வீதமும் 24 பிட் ஆழமும் கொண்ட இருதடப் பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 17.3 மெகாபைட் இடத்தை எடுக்கும். ஒரு மணி நேரக் கச்சேரிக்கு ஏறத்தாழ 1 கிகாபைட் தேவை. இன்றைய நினைவகங்களுக்கு இது பெரிய அளவு அன்று.

மென்பொருளின் திரையில் ஒலி அலைவடிவமாகக் காட்டப்படுகின்றது. கிடைத்திசை நேரத்தையும், செங்குத்துத்திசை அலையின் உயரத்தையும் குறிக்கும். நடுக்கோடு அமைதி நிலை ஆகும். அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் காட்சியும் பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அலைவடிவத்தில் தெரியாத மின்சார முணுமுணுப்பு, பறவை ஒலி போன்றவற்றை நிறமாலையில் எளிதாகக் கண்டறியலாம்.

எடுத்துக்காட்டு: புதுக்கோட்டையும் கஞ்சிராவும்

புதுக்கோட்டை 1948 வரை தனி அரசாக இருந்து பின்னர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. 1974 இல் தனி மாவட்டம் ஆனது. இம்மாவட்டத்தின் குடுமியான்மலையில் உள்ள ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இந்திய இசை வரலாற்றின் முதன்மைச் சான்றுகளில் ஒன்று. அதில் சுரங்கள் நான்கு நான்காகத் தொகுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அச்சுரங்கள் எவ்வாறு ஒலித்தன என்பதைக் கல்லில் பொறிக்க இயலாது. அதை ஒலிப்பதிவு மட்டுமே செய்ய வல்லது.

புதுக்கோட்டையைச் சேர்ந்த மான்பூண்டியாப் பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக உயர்த்தியவர் என அறியப்படுகின்றார். மாமுண்டியாப் பிள்ளை என்றும் இவர் பெயர் வழங்குகின்றது. இவரின் மாணவரான தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் புகழ் பெற்றவர். இம்மரபு புதுக்கோட்டைப் பாணி என அழைக்கப்படுகின்றது. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இப்பாணியின் பெரும் கலைஞர்களுள் ஒருவர்.

கஞ்சிரா ஒலிப்பதிவாளருக்குச் சோதனையான கருவி. பலா மரத்தால் ஆன சிறு வளையத்தின் ஒரு பக்கத்தில் தோல் போர்த்தப்பட்டிருக்கும். வளையத்தில் உள்ள பிளவில் உலோக வட்டுகள் கோக்கப்பட்டிருக்கும். வாசிப்பவர் தோலின் உட்புறத்தை நீரால் நனைத்துச் சுருதியைத் தாழ்த்துவார். தோல் உலர உலரச் சுருதி ஏறும். கருவியைப் பிடித்திருக்கும் கையின் விரல்களால் தோலை அழுத்தி, வளைந்து ஏறும் கனத்த ஒலியையும் எழுப்புவார். ஆக, ஒரே கருவியில் நிலையற்ற சுருதியுடைய தாழ்ந்த ஒலியும், மிக உயர்ந்த அதிர்வெண்களில் சிலம்பும் வட்டுகளின் ஒலியும், திடீரென எழுந்து அடங்கும் தட்டொலியும் உள்ளன. கீழே கூறப்படும் நுட்பங்கள் ஒவ்வொன்றின் பயனையும் எல்லையையும் அறிய இக்கருவி நன்கு உதவும்.

அடிப்படை நுட்பங்கள்

மூலத்தைப் படியெடுத்தல்

எந்தத் தொகுப்பும் மூலக்கோப்பின் படியிலேயே செய்யப்பட வேண்டும். தொகுப்பு முறைகள் இரு வகைப்படும். மாதிரிகளையே மாற்றி எழுதும் முறை முதல் வகை. மூலத்தைத் தொடாமல், எந்தப் பகுதியை எப்போது எவ்வளவு ஒலியளவில் இசைக்க வேண்டும் என்னும் கட்டளைகளை மட்டும் சேமிக்கும் முறை இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் எப்போது வேண்டுமானாலும் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். முதல் வகையில் கோப்பைச் சேமித்து மூடிய பின்னர் திரும்ப வழியில்லை.

வெட்டுதலும் ஒட்டுதலும்

வேண்டிய பகுதியைச் சுட்டியால் தேர்ந்து நீக்குவதும், படியெடுத்து வேறிடத்தில் இடுவதும் தொகுப்பின் முதற் செயல்கள். அலை நடுக்கோட்டை விட்டு விலகியிருக்கும் இடத்தில் வெட்டினால், வெட்டின் இரு பக்கங்களிலும் உள்ள உயரங்கள் பொருந்தாமல் 'டிக்' என்ற ஓசை எழும். இதைத் தவிர்க்க அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டுவர். இருதடப் பதிவில் இரண்டு தடங்களும் ஒரே புள்ளியில் நடுக்கோட்டைக் கடப்பது அரிது. ஆகவே வெட்டிய இடத்தில் மிகக் குறுகிய கிராஸ்ஃபேட் இடுவதே பாதுகாப்பானது.

கஞ்சிரா, மிருதங்கம், தவில் போன்ற தட்டுக் கருவிகளில் அடி விழுவதற்குச் சற்று முன்னர் வெட்டுவது நல்லது. புதிய அடியின் வலிமை வெட்டை மறைத்துவிடும். அடியின் தொடக்கத்தையே வெட்டிவிட்டால் அக்கருவியின் அடையாளம் போய்விடும். தோலில் விரல் படும் முதல் சில மில்லிநொடிகளே அது கஞ்சிராவா வேறொன்றா என்பதைச் செவிக்கு உணர்த்துகின்றன.

மங்கலும் கிராஸ்ஃபேடும்

ஒலி படிப்படியாகத் தோன்றுவது ஃபேட் இன் என்றும், படிப்படியாக மறைவது ஃபேட் அவுட் என்றும் அழைக்கப்படும். ஒரு பகுதி மறையும்போதே அடுத்தது தோன்றுவது கிராஸ்ஃபேட். தட்டொலிகளுக்கு இடையே 5 முதல் 20 மில்லிநொடி கிராஸ்ஃபேட் போதும். 48,000 மாதிரி வீதத்தில் 10 மில்லிநொடி என்பது 480 மாதிரிகள். தம்புரா தொடர்ந்து ஒலிக்கும் இடத்தில் நீண்ட கிராஸ்ஃபேட் தேவைப்படும். இல்லையெனில் தம்புராவின் மீட்டு ஒழுங்கு இடறுவது தெரியும்.

தொடர்பற்ற இரு பதிவுகளை இணைக்கும்போது நேர்கோட்டு மங்கலைப் பயன்படுத்தினால் நடுவில் ஒலி தாழ்வது போலத் தோன்றும். அங்கு இரு பகுதிகளின் ஆற்றலும் சேர்ந்து மாறாமல் இருக்கும்படி அமைந்த வளைகோட்டு மங்கல் ஏற்றது. ஒரே ஒலியின் இரு படிகளை இணைக்கும்போது நேர்கோட்டு மங்கலே பொருந்தும்.

தாளம் அறிந்து வெட்டுதல்

இசையைச் சுருக்கும்போது நேரத்தை அன்றித் தாளத்தையே அளவாகக் கொள்ள வேண்டும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரங்கள் கொண்டது. நிமிடத்துக்கு 75 அட்சரங்கள் என்ற காலப்பிரமாணத்தில் ஓர் அட்சரம் 0.8 நொடி, ஓர் ஆவர்த்தனம் 6.4 நொடி ஆகும். மீண்டும் பாடப்பட்ட ஒரு வரியை நீக்குவதாயின், முழு ஆவர்த்தனமாக, ஓர் எடுப்பில் இருந்து அடுத்த எடுப்பு வரை நீக்க வேண்டும். பாடல் சமத்தில் தொடங்காமல் தள்ளித் தொடங்குவதாயின் வெட்டும் அவ்வாறே தள்ளி அமையும்.

தனி ஆவர்த்தனத்தின் கோர்வைகளில் இக்கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. சதுசிர நடையில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரைகள். எட்டு மாத்திரைச் சொற்கட்டு ஒன்று மூன்று முறையும், இடையில் நான்கு மாத்திரை இடைவெளி இரு முறையும் வந்தால் மொத்தம் 32 ஆகிச் சமத்தில் முடியும். "ஒன்றே மூன்று முறை வருகின்றது" என்று கருதி ஒருமுறையையும் ஓர் இடைவெளியையும் நீக்கிவிட்டால் 12 மாத்திரைகள் குறைந்துவிடும். கோர்வை மூன்று அட்சரங்கள் முன்னதாகவே முடியும். கலைஞர் கணக்கில் தவறியது போன்ற பதிவு பின்வருவோருக்குக் கிடைக்கும். தவறு அவருடையது அன்று, தொகுத்தவருடையது என்பதை அறியக் கேட்பவருக்கு வழியில்லை.

டேக்குகளை இணைத்தல்

ஒரே பகுதியைப் பலமுறை பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் சிறந்த பகுதியை எடுத்து ஒன்றாக்குவது ஒலிப்பதிவுக் கூடங்களில் வழக்கம். ஒவ்வொரு முறையும் பதிந்தது டேக் எனப்படும். இணைக்கப்படும் டேக்குகளில் காலப்பிரமாணம், ஒலிவாங்கியின் தொலைவு, அறையின் எதிரொலி ஆகியன ஒத்திருக்க வேண்டும். கஞ்சிராவுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. முதல் டேக்கில் நனைந்திருந்த தோல் மூன்றாம் டேக்கில் உலர்ந்திருக்கும். இரண்டையும் இணைத்தால் ஒரே சொற்கட்டின் நடுவில் கருவி மாறியது போல ஒலிக்கும். எனவே ஒவ்வொரு டேக்குக்கு முன்னரும் வாசிப்பவர் சுருதியைச் சரிபார்க்க நேரம் தருவதே சிறந்த தீர்வு. தொகுப்பில் சரிசெய்வதைவிட இது எளிது.

ஒலியளவு

எண்முறைப் பதிவில் எட்டக்கூடிய உச்சம் 0 டெசிபெல் ஆகக் குறிக்கப்படுகின்றது. அதைத் தாண்டும் அலையின் முகடு தட்டையாக வெட்டப்பட்டு ஒலி கரகரக்கும். இவ்வாறு வெட்டுண்ட அலையை முழுமையாக மீட்க இயலாது. ஆகவே பதியும்போது உச்சங்கள் ஏறத்தாழ −12 டெசிபெல் அளவில் இருக்குமாறு விடுவது நல்லது. கஞ்சிராவின் ஓர் அழுத்தமான அடி சராசரி ஒலியைவிட மிக உயர்ந்து எழக்கூடியது என்பதால் இந்த இடைவெளி அவசியம்.

தொகுப்பின் இறுதியில் முழுப் பதிவின் உச்சத்தையும் −1 டெசிபெல் அளவுக்கு உயர்த்துவது நார்மலைசேஷன் எனப்படும். இதில் பெரிய ஒலிக்கும் சிறிய ஒலிக்கும் உள்ள விகிதம் மாறாது. கம்ப்ரஷன் என்பது வேறு. அது பெரிய ஒலிகளைத் தாழ்த்தி வேறுபாட்டைக் குறைக்கின்றது. பேச்சுக்கும் திரையிசைக்கும் இது பயனுள்ளது. ஆனால் மெல்லத் தொடங்கி உச்சத்தை நோக்கி வளரும் தனி ஆவர்த்தனத்தில் மிகையான கம்ப்ரஷன் அந்த வளர்ச்சியையே அழித்துவிடும்.

வடிகட்டல்

குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டுவதும் குறைப்பதும் ஈக்வலைசர் மூலம் செய்யப்படுகின்றது. குரல் பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளவற்றை நீக்கினால் காற்று மோதும் ஒலியும் மேடை அதிர்வும் குறையும். ஆனால் அதே வடிகட்டியை மிருதங்கத்தின் தொப்பிக்கோ தவிலுக்கோ கஞ்சிராவின் கனத்த ஒலிக்கோ இடும்முன் கேட்டுப் பார்க்க வேண்டும். அவற்றின் அடித்தளமே அங்குதான் இருக்கக்கூடும்.

இந்தியாவில் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் ஆகும். எனவே பழுதான இணைப்புகளால் எழும் முணுமுணுப்பு 50, 100, 150 ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் அமையும். அந்தந்த அதிர்வெண்ணை மட்டும் குறுகலாக நீக்கும் வடிகட்டி இதற்குப் போதுமானது.

இரைச்சல் நீக்கம்

ஆடாசிட்டி உள்ளிட்ட மென்பொருள்களில் இரைச்சல் நீக்கம் இரு படிகளில் நடைபெறுகின்றது. முதலில் இரைச்சல் மட்டும் உள்ள சிறு பகுதியை மென்பொருளுக்கு மாதிரியாகக் காட்ட வேண்டும். பின்னர் அம்மாதிரியை ஒத்த ஒலியை முழுப் பதிவிலும் அது குறைக்கும். மாறாத மின்விசிறி ஒலி, நாடாவின் 'ஸ்' என்னும் இரைச்சல் ஆகியவற்றுக்கு இம்முறை பொருந்தும்.

இதில் இரு ஆபத்துகள் உள்ளன. முதலாவது, கச்சேரிப் பதிவில் பாடகர் பாடாத இடம் அமைதி அன்று. அங்கு தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும். அப்பகுதியை இரைச்சல் மாதிரியாகக் காட்டினால் மென்பொருள் தம்புராவையே இரைச்சல் எனக் கருதி முழுக் கச்சேரியில் இருந்தும் நீக்க முயலும். இரண்டாவது, கஞ்சிரா வட்டுகளின் சிலம்பொலி நாடா இரைச்சல் நிறைந்திருக்கும் அதே உயர் அதிர்வெண்களில் உள்ளது. இரைச்சலை முற்றாக நீக்க முனைந்தால் வட்டுகள் நீருக்குள் ஒலிப்பது போல ஆகும். கஞ்சிராவுக்கு மரபாகப் பயன்பட்டது உடும்புத் தோல். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 உடும்புக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் இன்று பயன்படுத்தப்படுகின்றன. ஆகவே பழைய நாடாவில் உள்ள கஞ்சிரா ஒலி மீண்டும் பதிவு செய்து பெறத்தக்க ஒன்று அன்று. சற்று இரைச்சலை விட்டுவைத்து ஒலியைக் காப்பதே இங்கு முறையாகும்.

வேகத் திருத்தம்

கேசட் பதிந்த கருவியும் இசைக்கும் கருவியும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் காலமும் சுருதியும் சேர்ந்தே மாறும். ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாக ஒலிக்கும். இதைத் திருத்தக் காலத்தையும் சுருதியையும் ஒருங்கே மாற்றும் வேக மாற்றக் கருவியையே பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் காலப்பிரமாணம் தவறாகவே இருக்கும்.

சரியான வேகத்தைக் கண்டறிய மின் முணுமுணுப்பே சில வேளைகளில் உதவும். பதிவின்போதே நாடாவில் ஏறிய 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு இப்போது நிறமாலையில் 53 ஹெர்ட்ஸில் தெரிந்தால், நாடா ஏறத்தாழ 6 விழுக்காடு விரைவாக இசைக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். 60 நிமிடப் பதிவு திருத்திய பின்னர் 63 நிமிடம் 36 நொடி ஆகும். மின்வழங்கலின் அதிர்வெண்ணும் சிறிது ஏறி இறங்கக்கூடியது என்பதால் இது ஓர் அண்ணளவான கணிப்பே. படியெடுக்கும் கருவியில் இருந்து இப்போது சேரும் முணுமுணுப்பு 50 ஹெர்ட்ஸிலேயே இருக்கும். அதை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. முணுமுணுப்பை முதலிலேயே நீக்கிவிட்டால் இவ்வளவுகோல் இழக்கப்படும். குறையெனத் தோன்றுவதும் சான்றாக இருக்கக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சுருதித் திருத்தமும் காலத் திருத்தமும்

1997 இல் வெளியான ஆட்டோ டியூன் மென்பொருளும் அதன் பின்வந்தவையும் பாடப்பட்ட சுரத்தை அருகில் உள்ள சரியான சுரத்துக்கு நகர்த்துகின்றன. இவற்றின் இயல்பான அமைப்பு ஓர் எண்மத்தைப் பன்னிரண்டு சம பகுதிகளாகப் பிரித்துள்ள மேற்கத்திய முறையாகும். கமகம் என்பது சுரத்தில் நிற்பது அன்று. சுரங்களுக்கிடையே அசைவது. தோடி இராகத்தின் காந்தாரம் போன்ற அசையும் சுரத்தின் மீது விரைவான சுருதித் திருத்தத்தைச் செலுத்தினால் அது படிக்கட்டு போலத் துண்டு துண்டாகக் குதிக்கும். இராகத்தின் அடையாளம் மறையும். தேவைப்பட்டால் குறிப்பிட்ட ஒரு நீண்ட சுரத்தை மட்டும் தேர்ந்து கையால் திருத்தலாம். நாட்டார் பாடலில் அதுவும் தேவையா என்பதை முதலில் எண்ண வேண்டும்.

இவ்வாறே, அடிகளை மென்பொருளின் கட்டத்துக்கு இழுத்து வைக்கும் குவாண்டைஸ் வசதி இயல்பாக நான்கு எண்ணிக்கைத் தாளத்தைக் கொண்டது. மிசிர சாபு தாளப் பாடலுக்குக் கட்டத்தைப் பொருந்த அமைக்காவிட்டால் அது அடிகளைத் தவறான இடத்துக்கு இழுக்கக்கூடும். சதுசிரத்தில் இருந்து திசிரத்துக்கோ கண்டத்துக்கோ நடை மாறும் இடங்களில் இவ்வசதியை அணைத்துவிடுவதே சரி.

களப் பதிவுகள்

திருவிழா, அறுவடை, கோயில் சடங்கு ஆகிய இடங்களில் எடுக்கப்படும் பதிவுகள் களப் பதிவுகள் எனப்படும். இவற்றில் இசை எது, சூழல் எது என்பதைப் பிரிப்பதே தொகுப்பாளரின் முதன்மைச் சிக்கல். புதுக்கோட்டை மாவட்டத்தின் விராலிமலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மயில்களுக்குப் பெயர் பெற்ற இவ்வூரின் முருகன் கோயிலைச் சார்ந்து சதிர் ஆட்ட மரபு வளர்ந்தது. இம்மரபின் கலைஞர் முத்துக்கண்ணம்மாள் 2022 இல் பத்மசிறீ விருது பெற்றார். இம்மரபில் ஆடுபவர் தாமே பாடுவதும் உண்டு.

அத்தகைய பதிவில் சலங்கை ஒலியும் பாதம் தரையில் படும் ஒலியும் நிகழ்த்துகையின் பகுதிகள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் உள்ள ஒலியை அடக்கும் நாய்ஸ் கேட் கருவியை இட்டால் மெல்லிய அடவுகளின் ஓசை மறைந்து, வலுவானவை மட்டும் எஞ்சும். ஆடிக்கொண்டே பாடுபவர் மூச்சு வாங்கும் ஒலியும் அவ்வாறே. மூச்சை முற்றாக நீக்கினால் ஆடியவரும் பாடியவரும் ஒருவரே என்பதற்கான சான்று பதிவில் இருந்து மறைந்துவிடும். மறுபுறம், இடையில் கேட்கும் பேருந்து ஒலிப்பானை நீக்குவதில் இழப்பு ஏதும் இல்லை. மயிலின் அகவலை வைப்பதா நீக்குவதா என்பது பதிவின் நோக்கத்தைப் பொறுத்தது. ஆய்வுக்கான பதிவில் அது இருக்கலாம். விற்பனைக்கான குறுந்தட்டில் நீக்கப்படலாம்.

களத்தில் பதியும்போது, இசை தொடங்குவதற்கு முன் யாரும் பேசாமல் முப்பது நொடி இடத்தின் சூழல் ஒலியை மட்டும் பதிந்துகொள்வது பயனுள்ளது. இரைச்சல் மாதிரிக்கும், வெட்டிய இடைவெளிகளை நிரப்பவும் இது உதவும். இடைவெளியில் முழு அமைதியை இட்டால் செவி அதை உடனே உணர்ந்துகொள்ளும்.

கோப்பு வடிவங்கள்

தொகுப்பின்போதும் பாதுகாப்பின்போதும் இழப்பற்ற வடிவங்களையே பயன்படுத்த வேண்டும். டபிள்யூ.ஏ.வி. வடிவம் மாதிரிகளை அப்படியே சேமிக்கின்றது. எஃப்.எல்.ஏ.சி. வடிவம் எதையும் இழக்காமல் கோப்பின் அளவைச் சுருக்குகின்றது. எம்.பி.3, ஆக் வோர்பிஸ் ஆகியன செவிக்கு எளிதில் புலப்படாத பகுதிகளை நீக்கிச் சுருக்குபவை. இவை கேட்பதற்கும் பகிர்வதற்கும் போதுமானவை. ஆனால் எம்.பி.3 கோப்பைத் திறந்து தொகுத்து மீண்டும் எம்.பி.3 ஆகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடும். இவ்விழப்பு முதலில் தாக்குவது உயர் அதிர்வெண்களையும் திடீர் அடிகளையும் ஆகும். சலங்கையும் கஞ்சிரா வட்டுகளும் அங்குதான் உள்ளன. பழைய ஒலிநாடாக்களைப் பாதுகாக்கும்போது குறைந்தது 48,000 மாதிரி வீதமும் 24 பிட் ஆழமும் பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கத்தின் வழிகாட்டலில் பரிந்துரைக்கப்படுகின்றன.

பணி ஒழுங்கு

பழைய கேசட் ஒன்றைக் கணினியில் ஏற்றித் தொகுப்பதற்குப் பின்வரும் ஒழுங்கு பொருத்தமானது.

1. நாடாவைச் சுத்தமான தலை உள்ள கருவியில் இசைத்து, எந்த வடிகட்டியும் இன்றி இழப்பற்ற வடிவில் பதிதல்.
2. அக்கோப்பை மாற்ற முடியாதவாறு பூட்டி, வேறோர் இடத்திலும் ஒரு படி வைத்தல்.
3. படியைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒருமுறை முழுமையாகக் கேட்டு, பாடல், பேச்சு, பழுது ஆகியவற்றின் நேரங்களைக் குறித்தல்.
4. வேகத்தைச் சரிபார்த்துத் திருத்துதல்.
5. பாடல்களைத் தனித்தனியாகப் பிரித்து, தொடக்கத்திலும் முடிவிலும் மங்கல் இடுதல்.
6. மின் முணுமுணுப்பையும், பின்னர் தேவையான அளவுக்கு மட்டும் இரைச்சலையும் குறைத்தல்.
7. ஒலியளவைச் சரிசெய்தல்.
8. செய்த மாற்றங்களை ஓர் உரைக்கோப்பில் எழுதி வைத்தல்.
9. பகிர்வதற்குரிய சிறிய கோப்பை இறுதியில் உருவாக்குதல்.

இரைச்சல் நீக்கிய ஒவ்வொரு முறையும் நீக்கப்பட்ட பகுதியை மட்டும் தனியே கேட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். ஆடாசிட்டியில் இதற்கு வசதி உண்டு. நீக்கப்பட்டதில் குரலோ தாளமோ கேட்குமாயின் திருத்தம் மிகையானது என்று பொருள்.

மென்பொருள்கள்

ஆடாசிட்டி கட்டற்ற மென்பொருள் ஆகும். விண்டோசு, மாக், லினக்சு ஆகிய இயங்குதளங்களில் இயங்கும். 2021 இல் வெளியான மூன்றாம் பதிப்பில் இருந்து பணிக்கோப்பு முழுவதும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுகின்றது. அதற்கு முன்னர் ஒரு சிறு கோப்பும் பல துண்டுகள் கொண்ட ஓர் அடைவும் தனித்தனியே இருந்தன. அடைவை விட்டுச் சிறு கோப்பை மட்டும் படியெடுத்துப் பணியை இழந்தோர் உண்டு. பழைய பணிகளை வைத்திருப்போர் இரண்டையும் சேர்த்துப் பேண வேண்டும்.

ஆர்டர் என்பது பல தடங்களைக் கையாளும் மற்றொரு கட்டற்ற மென்பொருள். புரோ டூல்ஸ், கியூபேஸ், ரீப்பர் ஆகியன வணிக மென்பொருள்கள். பெயரும் தோற்றமும் வேறுபட்டாலும் மேலே கூறப்பட்ட நுட்பங்கள் எல்லாவற்றிலும் உண்டு.

மாற்றங்களை ஆவணப்படுத்தல்

தொகுக்கப்பட்ட பதிவு மட்டும் எஞ்சி மூலம் அழிந்துவிட்டால், பின்வரும் ஆய்வாளரும் மாணவரும் தொகுப்பாளரின் முடிவுகளையே கலைஞரின் முடிவுகளாகக் கொள்வர். ஒரு கோர்வையின் கணக்கு, ஒரு பாணியின் தனித்தன்மை, பாடகரின் சுருதி ஆகியவை இவ்வாறு தவறாக அறியப்பட வாய்ப்புண்டு. செவிவழியாகவே கற்பிக்கப்பட்ட மரபுகளில் பல வேளைகளில் ஒலிப்பதிவே ஒரே எழுத்துச் சான்றுக்கு நிகராக நிற்கின்றது. காந்த நாடாக்கள் காலப்போக்கில் பழுதடைகின்றன. அவற்றை இசைக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. எனவே பலரின் வீடுகளில் உள்ள கேசட்டுகளுக்கு முதலில் தேவைப்படுவது தொகுப்பு அன்று, மாற்றம் இல்லாத நேர்மையான படி. அதன்பின் எத்தனை முறை வேண்டுமானாலும் தொகுக்கலாம். யார் பாடியது, யார் வாசித்தது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பவற்றையும் கோப்புடன் சேர்த்து எழுதி வைத்தல் வேண்டும். அவை தெரிந்தவர் அருகில் இருக்கும்போதே எழுதப்பட வேண்டியவை.